மலைக்கு அந்தப் பக்கம்

செங்கோட்டையில் ஏறும்போது வெயில்.
பகவதிபுரம் தாண்டி மலைக்குள் நுழைந்த ரயில்
குகையின் மறுமுனையில்
மழைக்குள் போய் விழுந்தது.
"பாத்தியா" என்றார்,
தானே சுவிட்சைப் போட்டதுபோல.

இருபத்திரண்டு வருடத்தில்
கல்யாணமோ சாவோ இல்லாத ஊருக்கு
நாங்கள் போவது இதுதான் முதல் தடவை.

கொல்லத்தில், லாட்ஜ் மேசையில்
ஒரு பையன் ஆதார் அட்டைகளைப் புரட்டினான்.
அவருடையதில் தென்காசி, மின்வாரியக் குடியிருப்பு.
என்னுடையதில் இன்னும் புளியரை,
சங்கரவடிவு, அப்பா பெயர்.
"கல்யாணம் கழிஞ்ஞதாணோ?"
கழிந்ததுதான் தம்பி,
எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.
அவர் சிரிக்கவில்லை. பர்ஸைத் துழாவி
மகனின் பாலிடெக்னிக் ஃபீஸ் ரசீதை எடுத்து நீட்டினார்:
தகப்பன் குத்தாலிங்கம், தாய் சங்கரவடிவு,
பாக்கி நாலாயிரம்.
பையன் சாவியைக் கொடுத்துவிட்டான்.

அறைக்குள் போனதும் பார்த்தது கடலை அல்ல,
சுவிட்ச் போர்டை.
சட்டைப்பையிலிருந்து டெஸ்டர் வெளியே வந்தது.
"எர்த்தே இல்ல. இதுல போயி ஹீட்டர் வேற."
அதைச் சொன்ன நிம்மதியில் தூங்கிப்போனார்.
கம்பம் ஏறிக் காய்த்த பாதங்கள்
கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

மணி பதினொன்று.
ஊறப்போட அரிசி இல்லை.
கேஸ்காரன் வரமாட்டான்.
ஏற்கெனவே சுத்தமாயிருந்த இரண்டு சட்டையை
நனைத்துப் பிழிந்து காயப்போட்டேன்.
அப்புறம் ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.
எங்கோ முந்திரி வறுக்கும் வாசம்.
என்ன செய்யலாம் என்று
யாரைக் கேட்பது என்று தெரியவில்லை.

மத்தியானச் சோறு
ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியாகக் கிடந்தது,
பாகம் பிரித்த பங்காளிகள் மாதிரி.
மீன்குழம்பை மட்டும் இரண்டு தடவை கேட்டு வாங்கினார்.
என் குழம்பை ஒருநாளும் கேட்டதில்லை,
நான் கேட்கவிட்டதும் இல்லை.

சாயங்காலம் தங்கசேரி.
மழை விட்டு, பாறைகளில் ஈரம்.
ஐந்தரை.
எங்கள் ஊரில் சூரியன் மறைவதில்லை,
மலை எடுத்து வைத்துக்கொள்ளும்.
இந்நேரம் நிழல் தெருவுக்கு வந்திருக்கும்,
கொடியில் துணி எடுக்கிற கைகள்,
விளக்குக்குத் திரி.
இங்கேயோ வெயில் இன்னும் நெற்றியைச் சுட்டது.
இத்தனை வருடமும் மலை பிடித்தம் செய்த முக்கால் மணி நேரம்
கணக்குக் கேட்க ஆளில்லாமல்
தண்ணீர்மேல் பரந்து கிடந்தது.

அப்போதுதான் போன்.
"அண்ணே, கீழப்புலியூர் மொத்தமும் இருட்டு."
முழங்கால்வரை மடித்த பேண்டோடு
அலைக்குள் நின்று கத்தினார்:
"எல்.சி. வாங்கிட்டியால? வாங்காம கம்பத்துல கால வைக்காத.
எனக்கு அந்தச் சத்தமா? அது கடல்ல."
கரையேறி வந்து, போனை என் கைப்பையில் போட்டு,
ஜிப்பை அவரே இழுத்து மூடினார்.

காதில் விழுந்து விழுந்து பழகிய சொல்.
இன்றுதான் கேட்டேன்,
"எல்.சி.ன்னா என்னது?"

"கம்பியில கரண்ட் விடமாட்டோம்னு
ஆபீஸ்ல எழுதிக் குடுக்கது.
அது கையில இருந்தாத்தான் ஏறலாம், தொடலாம்."

"அப்ப மூணு நாளைக்கு நமக்கும் எழுதிக் குடுத்திருக்காக."

கொஞ்ச நேரம் யோசித்தார்.
"எழுத்த நம்பிரக் கூடாது.
மொதல்ல பொறங்கையால தொட்டுப் பாக்கணும்.
உள்ளங்கை பட்டுட்டுன்னு வையி,
வெரலு மடங்கிப் பிடிச்சுக்கிடும்.
பெறவு விடாது."

சூரியன் தண்ணீரைத் தொட்டது.
மலைக்குப் பின்னால் அது இத்தனை சாவகாசமாகப் போகும் என்று
எங்களிடம் யாரும் சொன்னதில்லை.
பக்கத்தில் ஒரு குழந்தை கடலை கேட்டு அழுதது.
அவர் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.
என் மணிக்கட்டில், வளையலுக்குச் சற்று மேலே,
காய்ப்பேறிய ஒரு புறங்கை
பட்டது, விலகியது,
மறுபடி பட்டது.

பிறகு கையைத் திருப்பினார்.